கடைசி ஆளின் ஒன்பது கிலோ

கொன்றையடி ஊர்க்காரர் லண்டனில் எங்கே கூடினாலும் தவநாயகியைக் ‘கடைசி ஆள்’ என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். கேட்பவர்களுக்கு அது ஏதோ குறைச்சல் போலத் தோன்றும். ஆனால் அதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

ஒவ்வொரு யூலையிலும் ஊர் ஒன்றியங்கள் பல சேர்ந்து கிழக்கு லண்டனில் ஒரு விளையாட்டு விழா வைப்பார்கள். அதில் பெண்களுக்கான கயிறிழுத்தல்தான் பின்னேரத்தின் உச்சம். பக்கத்துக்கு எட்டுப் பேர். எட்டாவதாக நிற்பவர் கயிற்றின் நுனியை இடுப்பைச் சுற்றி எடுத்துத் தோளுக்கு மேலால் போட்டு, குதிக்காலைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். முன்னுக்கு நிற்கிற ஏழு பேரும் என்ன ஆட்டம் ஆடினாலும் அவர் அசையக்கூடாது. தவநாயகி ஆறு வருடமாக அப்படி நின்றிருக்கிறார். ஆறில் நான்கு வருடம் கோப்பை கொன்றையடிக்கு வந்திருக்கிறது.

வயது நாற்பத்தொன்பது. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் வீடு. கணவர் யோகராஜா ஹவுன்ஸ்லோப் பக்கம் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை. விடிய முதல் ரயிலில் போனால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் திரும்புவார். தவநாயகிக்கு ஒரு ஆரம்பப் பாடசாலையின் குசினியில் வேலை. காலை எட்டு மணியிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவிப்பது, விரலளவு பொரித்த மீன் துண்டுகளைத் தட்டில் அடுக்குவது, பரிமாறுவது, கழுவுவது. அந்த இடங்களில் அவர் நல்ல வேலைக்காரி, நல்ல மனைவி, வாடகையைப் பிந்தாமல் கட்டுகிற குடியிருப்பாளர். ஆனால் ஆயிரம் பேர் சுற்றி நின்று பெயர் சொல்லிக் கத்தியது அந்தக் கயிற்றின் நுனியில் நின்றபோது மட்டும்தான்.

அணித் தலைவி றோஸ்மலர். ஊரில் தவநாயகியோடு ஒரே வகுப்பில் படித்தவர். இப்போது குட்மேய்சில் தையல்கடை வைத்திருக்கிறார். அளவெடுத்துப் பழகிய கை. அணியையும் அளந்துதான் அமைப்பார். மே மாதத்து முதல் ஞாயிறு, முதல் பயிற்சிக்கு அவர் ஒரு குளியலறைத் தராசும் ஒரு கொப்பியும் கொண்டு பூங்காவுக்கு வருவார். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக ஏற வேண்டும். எடையைக் குறித்து, குறைந்தவர் முன்னுக்கு, கூடியவர் பின்னுக்கு என்று நிறுத்துவார். கலியாண வீட்டில் யாராவது ‘கொஞ்சம் உடம்பு வைச்சிட்டீர்’ என்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் பெண்கள், அந்த ஒரு நாள் மட்டும் தங்கள் எடையைச் சத்தமாகச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். எண்பத்தைந்துக்கு மேலே என்றால் கைதட்டு. தவநாயகி கடைசியாக ஏறுவார். தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு வருடமும் அவருக்குத்தான் நீண்ட கைதட்டு.

சென்ற ஒக்டோபரில் இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று வந்தது. மருத்துவ நிலையத்தில் இருந்த தாதி கணினியைத் தவநாயகியின் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று மாதச் சீனி அளவு, இங்கத்தைய கணக்கில், நாற்பத்தைந்து. இன்னும் நோய் இல்லை, ஆனால் வாசற் படலைக்கு வந்துவிட்டது. இப்போதைக்குக் குளிசை வேண்டாம், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் போதும் என்றார் தாதி.

“அரை மணித்தியாலத்துக்கு நான் எங்க போறது?” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தவநாயகி கேட்டார். கேட்டுவிட்டுத் தன் நாளை விரித்துச் சொன்னார். ஐந்தரைக்கு எழும்புவது, சமையல், பஸ், குசினி, கடை, வாரத்தில் மூன்று நாள் பல் வைத்தியர் ஒருவரின் இடத்தைத் துப்புரவாக்கும் பகுதிநேர வேலை, திரும்பவும் சமையல். தாதி பொறுமையாகக் கேட்டார். பிறகு, அரை மணித்தியாலத்தை ஒரே துண்டாகத் தேடாதீர்கள், உடைத்துப் போடுங்கள் என்றார். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து, பதினைந்து நிமிடம். நாளுக்கு மூன்று தடவை.

“நான் கயிறு இழுக்கிற ஆள். அதுக்கும் இது நல்லமோ?”

மிக நல்லது, கால்கள் பலப்படும் என்று தாதி சிரித்தார். அந்தச் சொல்லில்தான் தவநாயகி விழுந்தார். சீனியை நினைத்து அவர் தொடங்கியிருப்பாரோ தெரியாது. கயிற்றுக்காகத் தொடங்கினார்.

மருத்துவர்கள் சொன்னதை நம் ஆட்கள் ஒரே விதமாகத்தான் விளங்கிக்கொள்வார்கள்: மூன்று நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு. தவநாயகி அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் யோகராஜாவின் பிரஷர் குளிசை நேரங்களுக்குக் கீழே ஒட்டினார். குளிசை போலவே தவறாமல் எடுத்தார்.

காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்ட கையோடு மாடிப்படி. நான்கு தளமும் இறங்கி, திரும்ப ஏறி, மூன்று தரம். முதல் வாரம் இரண்டாம் தளத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அங்கே குடியிருந்த ருமேனியர் ஒருவர் வேலைக்குப் புறப்படும்போது ஒவ்வொரு நாளும் கவலையோடு கேட்பார், லிப்ட் இன்றைக்கும் பழுதா என்று. தவநாயகி தலையாட்டி, லிப்டுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் பழுது என்பார். அந்த மனுசன் ஒரு மாதத்துக்குப் பிறகுதான் சிரித்தார்.

மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டு, தட்டுகள் கழுவி, இரண்டு மணிக்குத்தான் குசினிக்காரருக்குச் சாப்பாடு. அதற்குப் பிறகு விளையாட்டுத் திடலின் வேலியோரமாக ஐந்து சுற்று. மழையென்றால் பாடசாலை மண்டபத்துக்குள், மேசைகளை மடித்துத் தள்ளிக்கொண்டே. மேசை தள்ளுவது கணக்கில் சேருமா என்று அவருக்குச் சந்தேகம். மூச்சு வாங்குகிறது என்றால் சேரும்தானே என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு இழுத்துக்கொண்டுவந்தார். அதன்பின் குடியிருப்பைச் சுற்றி நடை. டிசம்பர் குளிரில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே கால் தூக்கிப் போட்டார்.

“உதென்ன, இராணுவத்தில சேரப் போறீரோ?” என்று யோகராஜா சோபாவில் இருந்தபடி கேட்டார்.

“செய்தி வாசிக்கிறவன் தெரியேல்லையெண்டா அங்கால தள்ளி இருங்கோவன்.”

“அவன்ர தலை உம்மட தலைக்குப் பின்னால மேலயும் கீழயும் போகுது. எனக்குத் தலைசுத்துது.”

“அப்ப எழும்பி என்னோட கால் தூக்குங்கோ. சுத்து நிக்கும்.”

யோகராஜா எழும்பவில்லை. ஆனால் செய்தி முடியும்வரை தள்ளியும் இருக்கவில்லை.

நவம்பரில் கந்தசட்டி வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. தவநாயகி ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும்தான். சாப்பாடே இல்லாதபோது சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டியதை எப்படி எடுப்பது? வெறுவயிற்றில் குளிசை போடக்கூடாது என்று படித்து வளர்ந்தவர். ஆகவே ஆறு நாளும் மாடிப்படிப் பக்கமே போகவில்லை. பாறணை முடிந்த அன்று அடுத்த பரிசோதனைக்காகத் தாதியிடம் போயிருந்தபோது இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். தாதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின், மெதுவான நடைக்குச் சாப்பாடு தேவையில்லை என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். தவநாயகி வீட்டுக்கு வந்து துண்டுத் தாளில் ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பதை வெட்டவில்லை. பக்கத்தில் ‘விரதமெண்டாலும்’ என்று சேர்த்துக்கொண்டார்.

மாசி மாதமளவில் குசினிக் கால்சட்டையின் இடுப்பை ஊசி குத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கோயிலில் கண்டவர்கள் குரலைத் தாழ்த்தி, “என்ன தவம், மெலிஞ்சு போனீர்? ஏதும் வருத்தமோ?” என்று கேட்டார்கள். இல்லை, நல்ல சுகம் என்றால் நம்பாமல் கையைத் தடவிவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் சீனி முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. தாதி கைகொடுத்தார். தவநாயகிக்கு முப்பத்தொன்பதைவிட வேறொரு விஷயம் பெரிதாகத் தெரிந்தது: நான்காம் தளத்துக்கு அரிசி மூட்டையோடு நிற்காமல் ஏற முடிந்தது. இந்த வருடம் எதிரணித் தாழையூர்க்காரிகளை ஒரு கை பார்க்கலாம் என்று நினைத்தார்.

மே முதல் ஞாயிறு வந்தது. பூங்காவின் ஓரத்தில் றோஸ்மலர் ஒரு பலகைத் துண்டைப் போட்டு அதன்மேல் தராசை வைத்திருந்தார். ஒவ்வொருவராக ஏறினார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள். தவநாயகி குளிர் அங்கியைக் கழற்றிவிட்டு ஏறினார்.

எண்பத்திரண்டு.

றோஸ்மலர் குனிந்து பார்த்தார். “இறங்கு.” தராசைத் தூக்கிக் குலுக்கினார். திரும்ப வைத்தார். “ஏறு.”

எண்பத்திரண்டு.

றோஸ்மலர் தானே ஏறிப் பார்த்தார். அவருடைய எழுபத்தெட்டு அப்படியே நின்றது. கொப்பியும் கையுமாக நிமிர்ந்தார். அந்தப் பார்வையை, தைக்கக் கொடுத்த துணியில் ஓட்டையைக் கண்ட பார்வை என்று தவநாயகி பிறகு யோகராஜாவுக்குச் சொன்னார்.

“எடியே, உனக்கு என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை. நான்தான் நடந்தனான். ஒரு நாளைக்கு மூண்டு தரம். எல்லாம் இதுக்காகத்தான்.”

“எதுக்காக?”

“கயிறுக்காக. கால் பலமா வரட்டுமெண்டு.”

“கால் பலமா வந்தது சரி, ஆள் எங்க?” றோஸ்மலரின் குரல் உயர்ந்தது. “ஒன்பது கிலோ! ஒரு பிள்ளையின்ர பாரத்தை எங்கயோ விட்டிட்டு வந்து நிக்கிறாய். தாழையூரின்ர கடைசி ஆள் தொண்ணூற்றாறு. ஆரைக் கொண்டு நான் அவளை மறிக்கிறது?”

மற்றவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றார்கள். தவநாயகிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கைதட்டு இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

றோஸ்மலர் கோபத்தில் நிற்கிற ஆள் அல்ல. அடுத்த வாரமே நான்காம் தளத்துக்கு ஒரு பெரிய தகரப் பேணி நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். லிப்டில்தான் வந்தார். “யூலைக்கு இன்னும் இரண்டரை மாசம் கிடக்கு,” என்று சோபாவில் இருந்து கணக்குச் சொன்னார். “இந்த நடையை நிப்பாட்டு. மத்தியானத்தில நல்லாச் சாப்பிட்டிட்டுப் படு. பின்னேரம் பணியாரம். போட்டி முடிஞ்ச அடுத்த நாள் நீ எவரெஸ்ட்டில ஏறினாலும் நான் கேக்க மாட்டன். அதுவரைக்கும் உன்ர இடத்தை ஆருக்கும் குடுக்காமல் வைச்சிருப்பன்.”

தவநாயகி தலையாட்டினார். இடம் போய்விடும் என்ற பயம் உண்மையிலேயே வந்துவிட்டது. நான்கு நாள் நிறுத்தினார். காலையில் லிப்டில் இறங்கினார். ருமேனியர் கவலையோடு பார்த்தார். மத்தியானம் குசினிக் கதிரையில் இருந்தார். இரவு பணியாரத்தோடு தேத்தண்ணி குடித்தார். உண்மையில் தவநாயகி மூன்று சாப்பிட்டால் யோகராஜா ஆறு சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் பாணைச் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவர், தான் இரண்டாம் தளத்தில் நிற்பதைக் கண்டார். லிப்டை அழுத்தியதாக நினைவில்லை. கால் தன் பாட்டில் இறங்கியிருந்தது. படிக்கட்டில் அப்படியே இருந்து யோசித்தார்.

இந்த நடையை நான் யாருக்காக நடக்கிறேன்? கயிற்றுக்காக என்றுதானே தொடங்கினேன். இப்போது கயிறே வேண்டாம் என்கிறது. அப்படியென்றால் நிறுத்துவதில் என்ன கஷ்டம்? ஆறு வருடம் ஊர் என்னைப் பார்த்துக் கைதட்டியது என் பாரத்துக்கா, நான் அசையாமல் நின்றதற்கா? பாரத்துக்குத்தான் என்றால், அது நான் செய்த வேலையா? அந்த நான்கு நாளும் பின்னேரம் தலை மந்தமாக இருந்ததும், பல் வைத்தியரின் இடத்து நிலத்தைத் துடைத்துவிட்டு நிமிரும்போது முதுகு பிடித்ததும் ஞாபகம் வந்தன. முன்பு அது ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

அன்று பின்னேரம் யோகராஜாவிடம் கேட்டார்.

“என்னப்பா, நான் என்ன செய்யிறது? இடமும் வேணும். நடையும் வேணும்.”

யோகராஜா பேணிக்குள் கையை விட்டுத் துழாவினார். “என்னட்டக் கேட்டா, உம்மட இடத்துக்கு என்னை விடச் சொல்லும். றோஸ்மலரின்ர பணியாரம் எல்லாம் இஞ்ச தான் கிடக்கு.” வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “இரவில நீர் குறட்டை விடுறேல்லை இப்ப. கவனிச்சனீரோ?” என்றார்.

“நான் எப்பிடிக் கவனிக்கிறது?”

“நான் கவனிச்சனான். நாலு நாளாத் திரும்பத் தொடங்கியிருக்கு.”

தவநாயகி பேணியின் மூடியைப் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். றோஸ்மலருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“என்னால நிப்பாட்ட ஏலாது, றோசு.”

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்றது. “அப்ப கடைசி ஆள் நீ இல்லை. பிறகு அழக்கூடாது.”

“ஓம். தெரிஞ்சுதான் சொல்லுறன்.”

தொலைபேசியை வைத்த பிறகு கொஞ்சம் அழுதார். அதை றோஸ்மலருக்குச் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒரு சுற்று நடந்தார்.

கடைசி இடம், றோஸ்மலர் பிறகு தேடிப் பிடித்துக் கூட்டிவந்த தனுஷியாவுக்குப் போனது. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், சுவிஸிலிருந்து வந்து ஒரு வருடம்தான். தொண்ணூற்றுநான்கு கிலோ. தராசில் ஏறவே வெட்கப்பட்டுக் கடைசிவரை ஒளித்து நின்றவர், கைதட்டு விழுந்தபோது பயந்துபோனார். ‘அக்கா, நான் விழுந்திட்டா?’ என்று ஒவ்வொரு பயிற்சியிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். தவநாயகியை றோஸ்மலர் முன்னுக்கு, முதல் ஆளாக நிறுத்தினார். எடைக் கணக்குப்படி எண்பத்திரண்டு பின்வரிசையில் வர வேண்டும். “மூச்சு இருக்கெல்லோ, முன்னுக்கு நிண்டு கத்து,” என்றார். அது பாதி தண்டனை, பாதி யோசனை. எது எவ்வளவு என்று றோஸ்மலருக்கே தெரிந்திருக்காது.

யூலையில் அந்த ஞாயிறு நல்ல வெயில். கொத்துரொட்டிச் சத்தமும் பிள்ளைகளின் ஓட்டப் போட்டியும் ஓய்ந்து, பின்னேரம் நாலரைக்குக் கயிற்றை விரித்தார்கள். இறுதிப் போட்டி, கொன்றையடியும் தாழையூரும்; மூன்று இழுவையில் இரண்டை வென்றால் கோப்பை. ஒலிவாங்கி கிளின்ரனிடம் இருந்தது. வார நாட்களில் கணக்காளர். யூலை ஞாயிறுகளில் அவரை மறிக்க ஆளில்லை.

“ஆகா, கொன்றையடியின்ர கடைசி ஆள் முன்னுக்கு வந்திட்டா! இனி இஞ்ச என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது! இடுப்பைக் காணேல்லை, ஆள் அவவோ இல்லையோ எண்டு ஒன்றியம் ஒருக்காப் பாத்துச் சொல்லவும்!”

சனம் சிரித்தது. தவநாயகியும் சிரித்தார். ஆறு வருடமும் அவர் பார்த்தது முன்னால் நிற்பவரின் முதுகையும் தன் சப்பாத்தையும்தான். இன்றைக்குத்தான் எதிரணியின் முகங்களைக் கண்டார். தாழையூரின் முதல் ஆள் ஒரு மெல்லிய பெண். உதட்டைக் கடித்துக்கொண்டு தவநாயகியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பயம்.

விசில் ஊதியது. ஐந்து விநாடிகூட இல்லை. பின்னால் எங்கோ தனுஷியாவின் கால் வழுக்கியது. கயிறு ஒரே இழுவையாகப் போனது. எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். தாழையூருக்கு ஒன்று, கொன்றையடிக்குப் பூச்சியம்.

றோஸ்மலர் எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டாமலே ஓடி வந்தார். மூச்சு இரைத்தது. “தவம், பின்னுக்குப் போ. கெதியாப் போ. எண்பத்திரண்டெண்டாலும் உனக்கு நிக்கத் தெரியும். அவள் முன்னுக்கு வரட்டும்.”

இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. தவநாயகியின் கால் ஒரு எட்டு வைத்தும்விட்டது. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆயிரம் பேர், கயிற்றின் நுனி, பழைய பெயர். அப்போது அவர் தனுஷியாவைக் கண்டார். யாரும் சொல்லாமலே அவர் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. கைதட்டில்லாமல் தராசிலிருந்து இறங்குவது எப்படியிருக்கும் என்று தவநாயகிக்குத் தெரியும். அது பூங்காவின் ஓரத்தில், எட்டுப் பேருக்கு முன்னால். இங்கே ஒலிவாங்கி வேறு.

“விடு றோசு. அவ நிக்கட்டும்.”

“உனக்கென்ன விசரோ?”

“அவவுக்குக் கால் வழுக்கினது, பலம் இல்லாமலில்லை. நாங்கள் எல்லாரும் விசில் ஊதினவுடன ஒண்டாப் பாய்ஞ்சம். நான் சத்தம் குடுக்கிறன், அதுக்கு மட்டும் இழுங்கோ. மற்ற நேரம் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.” பிறகு பின்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “தனுஷியா! கட்டுமப்பா அதைத் திரும்ப! ஆர் அவிழ்க்கச் சொன்னது?”

இரண்டாவது இழுவை ஒரு நிமிடத்துக்கு மேல் போனது. தவநாயகி “பிடி” என்றார், “பிடி” என்றார், மெல்லிய பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகம் மூச்சு விடுவதற்காக வாயைத் திறந்த அந்த நேரத்தில் “இழு!” என்று கத்தினார். கயிறு ஒரு முழம் வந்தது. பிறகு இன்னொரு முழம். சனம் எழும்பி நின்றது. கிளின்ரன் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவதில் இரு பக்கமும் களைத்துப்போய்த்தான் கயிற்றைத் தூக்கின. கயிறு அங்கும் இல்லை, இங்கும் இல்லை. நடுவிலே கட்டியிருந்த சிவப்புத் துணி காற்றுக்கு மட்டும் ஆடியது. தவநாயகியின் குரல் உடையவில்லை. பின்னாலிருந்த கைகள்தான் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதை உள்ளங்கையில் உணர்ந்தார். தாழையூரின் தொண்ணூற்றாறு ஒரு அடி பின்னுக்கு வைத்தது. இன்னொரு அடி. சிவப்புத் துணி ஒரு சாண் வித்தியாசத்தில் தாழையூர்ப் பக்கத்துக் கோட்டைத் தாண்டியது.

தாழையூர் துள்ளியது. கொன்றையடி புல்லில் விழுந்து கிடந்தது. தனுஷியா மல்லாந்து கிடந்து, கயிறு இன்னும் இடுப்பில் இருக்க, “நான் விழேல்லை அக்கா, நான் விழேல்லை,” என்று வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். பிந்திய இரண்டு இழுவையிலும், முடியும்வரை அவர் விழவில்லை.

தவநாயகி மட்டும் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் அது படி ஏறி முடித்தபின் வாங்குகிற மூச்சு. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். நான் பின்னுக்குப் போயிருந்தால்? என்று நினைத்தார். போயிருந்தாலும் தோற்றிருக்கலாம். பழைய தொண்ணூற்றொன்றாக நின்றிருந்தால்? அதற்குப் பதில் தெரிந்திருந்தது. அந்த ஒரு சாணை அது பிடித்து வைத்திருக்கும்.

காலடியில் கிடந்த றோஸ்மலரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

“உன்ர ஒன்பது கிலோ இருந்திருந்தா வெண்டிருப்பம்.”

“ஓம். வெண்டிருப்பம்.”

“மறுத்தாவது பேசடி.”

“ஏன் மறுக்கிறது? உண்மை தானே.”

“அடுத்த வருசம்?”

“அடுத்த வருசமும் எண்பத்திரண்டு தான். சிலவேளை எண்பது.”

றோஸ்மலர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். பக்கத்தில் கிடந்தவர்கள் கேட்காதது போல இருந்தார்கள். பிறகு ஒரு கையை மேலே நீட்டினார்.

“தூக்கி விடு. என்னால எழும்ப ஏலாது.”

தவநாயகி அந்தக் கையைப் பற்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து இழுத்தார். றோஸ்மலர் எதிர்பார்த்ததைவிட வேகமாக எழும்பி, நிலைகொள்ளாமல் தவநாயகியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கையை ஒரு தரம் உதறிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“அக்கா, என்னையும்,” என்றார் தனுஷியா.

தவநாயகி வரிசையில் இறங்கி ஒவ்வொருவராக இழுத்துத் தூக்கிவிட்டார். ஏழாவதாகத் தனுஷியா. தொண்ணூற்றுநான்கு கிலோ. அதற்கு மட்டும் இரண்டு கையும் தேவைப்பட்டன.